கிறிஸ்தவர்கள் ஜோசியம் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. கேள்விக்கு விடை இவ்வளவுதான். எந்தச் சபையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஞாயிறு பள்ளிக்குப் போகும் சின்னப் பையனுக்கும் இது தெரியும். பிறகு எதற்கு ஒரு கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்று தெரிந்த பிறகும் பார்க்கிறார்களே, அதற்காகத்தான்.

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. லேவியராகமத்திலும் ஏசாயாவிலும் இதே தடை திரும்பவும் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். குறி சொல்வது, நாள் பார்ப்பது, அஞ்சனம் பார்ப்பது என்று எல்லாம் தெருவில் புழங்குகிற சொற்கள். எங்கோ கானான் தேசத்து விவகாரம், நமக்கில்லை என்று தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் தப்பித்துக்கொள்ள வழியே இல்லை. அடுத்த தெருவில் பலகை மாட்டியிருப்பவர் பெயரைச் சொல்லித் தடுத்த மாதிரி இருக்கிறது.

ஆனாலும் பாருங்கள், எத்தனையோ கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் ராகு காலம் எப்படியோ தானாக ஒதுங்கிக்கொள்கிறது. லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை, அது சபை ஒழுங்கு, சரி. ஆடி மாதத்தில் ஏன் வைப்பதில்லை என்று கேட்டால், "மண்டபம் சும்மா கெடந்தாலும் நாலு பேர் ஒரு மாதிரி பேசுவாங்க" என்று பதில் வரும். இது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள கோளாறும் அல்ல. பியூ ஆய்வு மையம் 2017-இல் அமெரிக்காவில் கேட்டபோது, கிறிஸ்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு ஜோதிடத்தை நம்புவதாகச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டையில் ஓர் அம்மா. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இருபது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகளுக்கு வயது முப்பத்தொன்று. வந்து போன வரன்களை எண்ணுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு கேட்கும்போதெல்லாம் மகளின் கல்யாணத்தைச் சொல்வார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். முடிந்ததும், "கர்த்தருடைய வேளை வரும் அக்கா" என்பார்கள். மூன்று வருஷமாக இதே ஜெபம், இதே ஆறுதல். வேளை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், எப்போது வரும் என்று கேட்கத் தோன்றாதா?

ஒரு நாள் அவர் பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டவுனுக்குப் போனார். பாளையங்கோட்டையிலேயே ஜோசியர்கள் உண்டு. ஆனால் அங்கே போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் ஜாதகம் கிடையாது. குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் வீட்டுக்காரர் கையெழுத்தில் மகள் பிறந்த தேதியும், "காலை 6.20" என்று நேரமும் இருந்தது. ஸ்தோத்திரத்தோடு எழுதி வைத்தது. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனார்.

ஜோசியர் நல்ல மனுஷன். அதைச் சொல்லியாக வேண்டும். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்து, "உக்காருங்கம்மா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். எடுத்துக்காட்டுக்கு என்று ஒரு சாட்சியையும் சொல்லவில்லை, நடுவில் கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அம்மா தயங்கித் தயங்கி, "நாங்க வேதக்காரங்க..." என்று இழுத்தபோது சிரித்துக்கொண்டே, "அதனால என்னம்மா, உங்க ஏசு பொறந்ததையே நட்சத்திரம் பாத்துத்தான கண்டுபிடிச்சு வந்தாங்க?" என்றார்.

இந்த வாதத்தைக் கிறிஸ்தவர்களே சொல்வதுண்டு. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரம் பார்த்துத்தான் வந்தார்கள், உண்மைதான். ஆனால் மத்தேயு எழுதியதைக் கவனித்துப் படித்தால், நட்சத்திரத்தைப் பார்த்துப் புறப்பட்டவர்கள் எருசலேமுக்கு வந்து பிள்ளை எங்கே என்று விசாரிக்க வேண்டியிருந்தது. பெத்லகேம் என்று சொன்னது பழைய தீர்க்கதரிசன நூல். அந்த விசாரிப்பு ஏரோதின் காதுக்குப் போய், அதன் பிறகு பெத்லகேமில் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஜோசியத்துக்கு ஆதரவாக எடுத்துக்காட்ட நல்ல சம்பவம் அல்ல அது.

ஜோசியர் கட்டம் போட்டார். ஏழில் செவ்வாய் என்றார். பையன் ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்க்க முடியாது, இருந்தாலும் இப்போது பேசிக்கொண்டிருக்கிற இடம் வேண்டாம், தை கழியட்டும், அதன் பிறகு தானாக வரும் என்றார். அந்த "இடம்" நாசரேத் பக்கத்து ஊர்ப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒருமுறை போனிலும் பேசியிருந்தார்கள்.

அம்மா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகள் ஏன் என்று கேட்டதற்கு, "விசாரிச்சதுல சரியில்ல" என்றார். யாரிடம் விசாரித்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இங்கே சவுல் ராஜாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்கள் ஜோசியத்தைக் கண்டிக்கும்போது முதலில் எடுப்பது இந்தக் கதையைத்தான். ஆனால் பெரும்பாலும் பாதியைத்தான் சொல்வார்கள்.

தேசத்திலிருந்த குறிகாரர்களை எல்லாம் துரத்தியவனே சவுல்தான். தடைச் சட்டம் அவனுடையது. பெலிஸ்தர் படை சூநேமில் வந்து இறங்குகிறது. சவுல் எதிரே கில்போவா மலையில் இருக்கிறான். படையைப் பார்த்ததும் பயந்துபோகிறான். உடனே குறிகாரியைத் தேடி ஓடவில்லை. முதலில் கர்த்தரிடம் கேட்கிறான். சொப்பனத்திலும் பதில் இல்லை, ஊரீமிலும் இல்லை, தீர்க்கதரிசிகள் மூலமும் இல்லை. அதன் பிறகுதான் ராஜ உடையைக் கழற்றி வேறு உடை மாட்டிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு ராத்திரியில் எந்தோருக்குப் போகிறான். வரைபடத்தில் பார்த்தால் எந்தோர் சூநேமுக்கு வடக்கே இருக்கிறது. அதாவது எதிரியின் பாளயத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற அளவுக்கு அந்த மௌனம் அவனைப் படுத்தியிருக்கிறது.

நாளாகமப் புத்தகம் அவன் கர்த்தரிடம் கேட்கவில்லை என்றே பழி சொல்கிறது. சாமுவேலின் புத்தகம் கேட்டான், பதில் வரவில்லை என்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்க உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவன் கேட்டது மனசோடு கேட்டதல்ல என்பார்கள், கீழ்ப்படியாதவனுக்கு ஏன் பதில் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மூன்று வருஷமாக ஒரே ஜெபக் குறிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் நீ மனசோடு கேட்கவில்லை என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எந்தோரில் சவுலுக்குக் கிடைத்தது என்ன? செத்துப்போன சாமுவேல் வந்து, நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளும் செத்துப்போவீர்கள் என்று சொன்னார். அது பலித்தது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு சவுல் என்ன செய்தான்? படையைத் திருப்பினானா, பிள்ளைகளையாவது தப்பவைத்தானா? இல்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மறுநாள் அதே போர்க்களத்துக்குப் போய், மூன்று மகன்கள் விழுந்த பிறகு தன் பட்டயத்தின் மேல் தானே விழுந்தான்.

பலித்தால் சரிதானே என்பவர்களுக்குப் புதிய ஏற்பாட்டிலும் ஒரு கதை இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் குறி சொல்கிற ஓர் அடிமைப் பெண். கிரேக்க மூலத்தில் அவளுக்குள் இருந்த ஆவிக்குப் பைத்தோன் என்று பெயர், டெல்பி கோயில் கதையில் வரும் பாம்பின் பெயர். அவள் பவுலின் பின்னாலேயே பல நாள் போய்க் கத்துகிறாள். அவள் கத்தியதில் பொய் ஒன்றுமில்லை. இவர்கள் உன்னதமான தேவனின் ஊழியக்காரர்கள் என்ற பொருளில்தான் கத்துகிறாள். ஓசியில் கிடைத்த விளம்பரம்! பவுல் அதை வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆவியைத் துரத்துகிறார். உடனே அவளுடைய எஜமான்கள் வருமானம் போயிற்றே என்று பவுலையும் சீலாவையும் இழுத்துக்கொண்டு போய், அடிவாங்க வைத்து, ஜெயிலில் போடுகிறார்கள். சொன்னது மெய்யா பொய்யா என்பது அந்தக் கதையில் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. ஒரு பெண்ணை வைத்து யாரோ சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வெளியே வருகிறது.

படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. அகஸ்தீன் மேதை. இளமையில் ஜோதிட நூல்களில் ஊறிக் கிடந்தவர், பெரியவர்கள் சொல்லியும் விடவில்லை. பிர்மினுஸ் என்ற நண்பர் சொன்ன ஒரு செய்திதான் அவரை அசைத்தது. பிர்மினுஸ் பிறந்த அதே நொடியில் அப்பாவின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இரண்டு வீட்டாரும் ஜோதிடப் பைத்தியங்கள், ஆள் அனுப்பி நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஒரே கட்டம். ஆனால் பிர்மினுஸ் செல்வராக வளர்ந்தார், அந்தக் குழந்தை கடைசிவரை அடிமையாகவே இருந்தது.

இன்னொரு கதை சிரிப்பாக இருக்கும். ரோமில் 1628-இல் திருத்தந்தை எட்டாம் அர்பனுக்கு ஒரு பயம் வந்தது. கிரகணங்கள் வருகின்றன, அவர் உயிருக்கு ஆபத்து என்று ஜோசியர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் காம்பனெல்லா என்ற டொமினிக்கன் துறவியை வரவழைத்தார். அவர் நேப்பிள்ஸ் சிறையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கிடந்துவிட்டு வந்தவர். இருவரும் ஓர் அறையை வெளிக்காற்று புகாமல் அடைத்தார்கள். வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள், நறுமணக் கட்டைகளை எரித்தார்கள், வெள்ளைத் துணி தொங்கவிட்டார்கள். சூரிய சந்திரருக்காக இரண்டு விளக்கு, மற்ற ஐந்து கிரகங்களுக்காக ஐந்து தீப்பந்தம். நல்ல கிரகங்களுக்குப் பிடித்த இசையும் உண்டு. இதைத் தமிழில் ஒரே சொல்லில் சொன்னால் பரிகாரம்! ஜோதிடத்தைக் கண்டித்து ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-இல் ஆணை போட்டு நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது. 1630-இல் அர்பன் செத்துப்போவார் என்று கணித்த மடத்துத் தலைவர் ஒருவர் சிறைக்குப் போய் அங்கேயே செத்தார். அடுத்த ஆண்டு, திருத்தந்தையின் சாவைக் கணிக்கக் கூடாது என்று அர்பனே கடுமையாக ஓர் ஆணை போட்டார். அவர் இறந்தது 1644-இல்.

சரி, பாளையங்கோட்டைக்குத் திரும்புவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. அம்மாவும் மகளும் போயிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொன்னார்கள். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று. அந்த வருஷத்துக்கு கர்த்தர் தருகிற வசனம். வரிசையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தால் போதும். நல்ல வசனம் வந்தவர் சிரிக்கிறார். பாடுகள் பற்றிய வசனம் வந்தவர் மெதுவாக அட்டையைக் கைப்பைக்குள் வைக்கிறார். வேறொன்று எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

கூண்டுக்குள் இருக்கும் கிளி அட்டை எடுத்தால் பாவம், ஆராதனையில் மனுஷனே எடுத்தால் ஆசீர்வாதம் என்று கேலி செய்ய ஆசையாகத்தான் இருக்கும். அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. வசனத்தை நினைவில் நிறுத்த அது உதவுகிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொரேவியச் சபையார் 1731 முதல் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டெடுத்து வசனம் குறித்துப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள், இன்றும் பல நாடுகளில் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அதே சபையார் ஒரு காலத்தில் யாருக்கு யாரைக் கட்டிவைப்பது என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். தினம் ஒரு வசனம் நின்றது, சீட்டுக் கல்யாணம் நிற்கவில்லை. எங்கே கோடு போடுவது என்று அவர்களுக்கே கொஞ்ச காலம் பிடித்திருக்கிறது. சுவிசேஷப் புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து பலன் பார்ப்பது பற்றி அகஸ்தீனிடம் கேட்டபோது, பேய்களிடம் போய்க் கேட்பதற்கு இது தேவலை, ஆனாலும் தனக்கு இது பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு கடிதத்தில் எழுதினார்.

மகளுக்கு வந்த அட்டை எரேமியா 29:11. பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வசனம்தான். கர்த்தர் நன்மையான எதிர்காலத்தை நினைத்து வைத்திருக்கிறார் என்ற பொருளில் வருவது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஜோசியர் தை கழியட்டும் என்றார், கர்த்தரும் அதையே சொல்கிறார் என்று இரண்டையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை மகள் முழுசாகப் படித்தாள். அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதின கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சீக்கிரம் ஊர் திரும்புவோம் என்று காத்திருக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். எழுபது வருஷம் ஆகும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் யாரும் உயிரோடு திரும்பப் போவதில்லை. பதினோராம் வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், எட்டாம் வசனத்தில், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிகாரர்களும் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள் என்று இருக்கிறது. அந்த வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை.

குறிகாரரோடு தீர்க்கதரிசிகளையும் எரேமியா சேர்த்துச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவரை எழுப்பி அவர் பெயரைச் சொல்லி, ஆறு மாதத்தில் வெளிநாட்டு வேலை என்று அறிவிக்கும் ஊழியக்காரர்கள் இன்றைக்கு உண்டு. பலிக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்பார்கள். ஜோசியர் பரிகாரம் சரியாகச் செய்யவில்லை என்பார். ஜோசியம் பாவம் என்று மேடையில் முழங்கிவிட்டு அதே சரக்கை வேறு தாளில் மடித்துக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? இந்துக் குடும்பங்களில் ஜாதகம் பார்ப்பது அவர்கள் வழக்கத்தின் ஒரு பகுதி, நாலு பேர் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுகிறார்கள். கிறிஸ்தவ வீட்டில் அதே காரியம் ஒளித்துச் செய்யப்படுகிறது. அதனால் அது தரும் முடிவுக்குக் காரணம் சொல்ல முடிவதில்லை, யாரும் எதிர்த்து வாதாடவும் முடிவதில்லை.

ஜெபத்தில் வாதாட இடம் இருக்கிறது. யோபு வாதாடினான், எரேமியாவே கர்த்தரோடு சண்டை பிடித்தான். கட்டத்தில் இருக்கும் செவ்வாயோடு யார் சண்டை போட முடியும்?

துண்டுச் சீட்டு வேதாகமத்துக்குள்ளேயே இருந்தது. எரேமியாவைத் தேடிப் புரட்டும்போது மகள் கையில் அகப்பட்டது. ஒரு பக்கம் பிறந்த தேதி, காலை 6.20. மறுபக்கம் கட்டம், ஏழாம் வீட்டில் "செவ்" என்று எழுதியிருந்தது. அவள் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினாள்.

"இதாம்மா நீங்க விசாரிச்ச இடம்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் போனது, தண்ணீர் கொடுத்தது, முக்கால் மணி நேரம். "யாருமே அவ்வளவு நேரம் கேட்டதில்ல பிள்ள" என்றார். ஐயரிடம் போய்ச் சொல்லி ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். (நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.)

மகள் ஜோசியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவங்களக் கேக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா" என்றாள்.

அந்தப் பையனுக்கு அதற்குள் வேறு இடம் முடிவாகியிருந்தது. மாசியில் கல்யாணம் என்று தரகர் சொன்னார்.

எந்தோர் கதையின் கடைசிப் பகுதியை ஞாயிறு பள்ளியில் சொல்வதில்லை. விழுந்து கிடந்த சவுலைப் பார்த்து அந்தக் குறிகாரி பதறிப்போனாள். அவன் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சாப்பிடாதவன். அவன் வேண்டாம் என்றும் விடாமல், வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, அப்பம் சுட்டு அவன் முன்னால் வைத்தாள். அவளைத் தேசத்தைவிட்டே துரத்தப் பார்த்த ராஜா அவன். சாப்பிட்டுவிட்டு எழுந்து அந்த ராத்திரியே போனான்.

அம்மா சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இனி யார் என்ன சொன்னாலும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். மகள் தோசைக் கல்லை எடுத்து வைத்து, "நீங்க ராத்திரி ஒண்ணும் சாப்பிடல. மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள்.